சேது சாலையில் சோறு எங்கே கிடைத்தது?

பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கினால், ராமநாதபுரம் வரை பெரிய ஊர் என்று சொல்ல எதுவும் கிடையாது. இடது பக்கம் பாக் நீரிணை, அலையே இல்லாமல் ஏரி மாதிரி கிடக்கும். வலது பக்கம் சீமைக்கருவேலம், உப்பளம், எப்போதாவது ஒரு கண்மாய். நடுவில் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி. சென்னைக்காரர்களுக்கு இதில் பாதிப் பெயர் தெரியாது. ஒதுக்குப்புறம் என்று நாம் இன்று நினைக்கிற இந்தக் கரை, இருநூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டிலேயே பசியோடு நடக்க வேண்டிய அவசியம் இல்லாத சாலையாக இருந்தது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

காசியிலிருந்து வருகிறவர்களும் மராட்டிய தேசத்திலிருந்து வருகிறவர்களும் தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக ராசாமடத்தில் கடலைத் தொட்டு, கரையோரமாகவே ராமேஸ்வரம் போவார்கள். எல்லாம் கால்நடைதான். வசதி உள்ளவர்கள் பல்லக்கு, கூடாரம், சமையல்காரர் சகிதம் போவார்கள். 1830-31ல் சென்னையிலிருந்து காசிக்குப் போய்த் திரும்பிய ஏனுகுல வீராசாமி அப்படித்தான் ஒரு பெரும் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு போனார். ஆனால் ஒரு கம்பளியும் சொம்பும் மட்டும் வைத்திருக்கிற பைராகி என்ன செய்வான்? இன்றைய அர்த்தத்தில் ஹோட்டல் என்ற ஒன்று அப்போது வழியில் கிடையாது. கையில் காசு இருந்தால்கூட வெந்த சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட முடியாது.

அதற்குத்தான் சத்திரம். ஒரு நாள் ராத்திரி, செய்ய வேறு வேலை இல்லாமல், தஞ்சை மராட்டியர் சத்திரங்களை மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தேன். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு இருபது சொச்சம் கிலோமீட்டர். அங்கே முத்தம்பாள் சத்திரம். அங்கிருந்து பட்டுக்கோட்டை இன்னொரு இருபது சொச்சம். அதற்கடுத்து ராசாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம். பிறகு, பெயரிலேயே சத்திரத்தை வைத்திருக்கிற சேதுபாவாசத்திரம். மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது ஒரு மனிதன் ஒரு நாளில் வெயிலுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிற தூரம். எங்கள் தொழிலில் சர்வர்களை இப்படித்தான் வைப்போம்: ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேருவதற்குள் ஆள் விழுந்துவிடக்கூடாது.

மீமிசலுக்குத் தெற்கே ராமநாதபுரம் சேதுபதிகளின் பொறுப்பு. மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஊர்ப் பெயர்களே அதற்குச் சாட்சி.

இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கிற அருமையான ஆவணம், இரண்டாம் சரபோஜி 1801-ல் தஞ்சை ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். பின்னணி முக்கியம். 1799 ஒப்பந்தத்தின்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ராஜாவுக்குக் கோட்டையும் ஓய்வூதியமும்தான் மிச்சம். சத்திரங்களுக்கென்று விடப்பட்டிருந்த மானியக் கிராமங்களையும் கம்பெனி எடுத்துக்கொண்டால் அடுப்பு அணைந்துவிடும். "அதை மட்டும் விட்டுவிடுங்கள்" என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அதைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல ஸ்பெசிஃபிகேஷன் டாக்குமென்ட் படிக்கிற மாதிரி இருந்தது. எல்லோருக்கும் சோறு போடுகிறோம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர் அப்படி முடிக்கவில்லை. விதிவிலக்கு ஒவ்வொன்றையும் யோசித்திருக்கிறார்கள். பிராமணர் தொடங்கி அன்று தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் வரை, ஜோகி, ஜங்கமர், பைராகி உட்பட, வருகிற யாத்ரீகர் அத்தனை பேருக்கும் சமைத்த சோறு. பிறர் சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்கிறவனா? அவனுக்கு அரிசியும் சாமான்களும். நோய் வந்து படுத்துவிட்டானா? வைத்தியர் இருக்கிறார், விஷக்கடிக்கும் மருந்து உண்டு. தாயில்லாக் குழந்தைக்குப் பால். வழியில் பிரசவ வலி வந்துவிட்ட பெண்ணுக்கு அங்கேயே கவனிப்பு. செத்துப்போனால் அவரவர் முறைப்படி அடக்கம்.

நேரம் தவறி வருகிறவனுக்கு? நள்ளிரவு வரை பந்தி நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அறிவிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அடுப்பை மூடுவது.

இது மனு. மனு எழுதுகிறவர் தன் தர்மத்தைக் கொஞ்சம் பெரிதாகத்தான் சொல்வார். ஆனால் அந்த மணி எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. பெருமைக்காக எழுதுகிறவன் எத்தனை ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்றுதான் எழுதுவான். கடைசி ஆளுக்காக மணி அடிக்கிற வேலை, தினமும் சமையற்கட்டை நடத்திப் பார்த்த இடத்திலிருந்துதான் வரும். தவிர, தஞ்சை அரண்மனை மோடி ஆவணங்களில் சத்திரச் செலவுக் கணக்குகளும் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கிப் பதிப்பித்திருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

மேலே உள்ள பெயர்களை இன்னொரு தடவை பாருங்கள். முத்தம்பாள், மோகனாம்பாள், திரௌபதாம்பாள், ராஜகுமாராம்பாள். உள்நாட்டில் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள். எல்லாம் பெண் பெயர்கள், அரசகுலத்துப் பெண்களும் அரசரின் அன்புக்குரியவர்களும். முத்தம்பாள் சரபோஜியின் மனைவி அல்ல, காதலி. சாகும் தறுவாயில் தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று கேட்டாள் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. ஒரத்தநாட்டுக் கட்டடத்தில் குதிரையும் யானையும் தேரை இழுத்துப் போகிற மாதிரி கல்லில் செதுக்கி இருப்பார்கள். பாதி சிதிலம்தான், ஆனாலும் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம்.

(சேதுபாவாசத்திரம் பக்கத்திலேயே மனோரா. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கல்வெட்டில் இருக்கிற வருஷம் 1814. வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். நெப்போலியனின் முதல் வீழ்ச்சிக்காகக் கட்டியது என்றால்தான் கணக்கு சரியாக வரும்.)

சரி, அடுப்பு எப்போது அணைந்தது? கம்பெனி ஒரேயடியாக அணைத்துவிடவில்லை. சத்திரங்களின் நிர்வாகம் கலெக்டர் கைக்கும், பிறகு ஜில்லா போர்டு கைக்கும் போனது. சாலையின் கழுத்தை நெரித்தது ரயில் என்பதே என் கணிப்பு. 1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்துவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தாகிவிட்டது. அதற்கப்புறம் ராமேஸ்வரம் போகிறவன் ஏன் மீமிசல் மணலில் நடக்கப் போகிறான்? யாத்ரீகர்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தள்ளி மதுரை, மானாமதுரை வழியாகப் போனார்கள். கரை காலியானது. நாம் இன்று பார்க்கிற ஒதுக்குப்புறம் அப்போது உண்டானதுதான்.

ஆனால் மானிய நிலங்கள் அப்படியே இருந்தன. நடக்கிற ஆள் இல்லை, நெல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை யாருக்குப் போடுவது? சத்திர வருமானம் படிப்புக்குத் திரும்பியது. திருவையாற்றில் சம்ஸ்கிருதக் கல்லூரி, ஒரத்தநாட்டிலும் ராசாமடத்திலும் மாணவர் விடுதி. இங்கேதான் கதை கசக்கிறது. எல்லாச் சாதிக்கும் சோறு என்று எழுதிக் காப்பாற்றிய சொத்தில், விடுதிச் சாப்பாடு பிராமணப் பையன்களுக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. சத்திர காலத்திலும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாசலில் வந்து நின்றவனைச் சோறு இல்லை என்று திருப்பி அனுப்புவது வேறு விஷயம். 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் அந்த விடுதிகளை மற்ற சாதி மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் நுழைந்தது. அவர் புதிதாகச் சலுகை எதுவும் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. 1801-ல் எழுதப்பட்ட நிபந்தனையைத்தான் மறுபடி அமலுக்குக் கொண்டுவந்தார். சரபோஜி கடிதத்தைச் சிலாகிக்கிறவர்கள் பன்னீர்செல்வத்தைச் சொல்வதில்லை, பன்னீர்செல்வத்தைச் சொல்கிறவர்கள் சரபோஜி கடிதத்தைத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்த நெல் யாருக்கானது என்று புரிகிறது.

இன்றைக்கு இந்தச் சாலையில் பசியாற்றுகிறவர்கள் யாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். அதிராம்பட்டினம் தொடங்கி தொண்டி வரை ஒன்றுவிட்டு ஒன்று முஸ்லிம் ஊர்களும் மீனவர் ஊர்களும். நல்ல சாப்பாடு இவர்கள் கையில்தான் இருக்கு. குழம்பை ஆணம் என்பார்கள். தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணமும் இடியாப்பமும் கிடைத்தால் வேறு எதையும் கேட்க வேண்டாம். பாக் நீரிணையின் நீலக்கால் நண்டு பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போய்விடும், ஆனாலும் இறங்குதளம் இருக்கிற ஊரில் சின்ன மெஸ்களில் வாங்கிச் சமைத்திருப்பார்கள். போர்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள், வாசலில் ஐஸ் பெட்டி லாரி நிற்கிற கடையாகப் பாருங்கள்.

இரண்டு கணக்கு தெரிந்திருந்தால் போதும். விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், அதனால் மறுநாள் காலை மீன் நன்றாக இருக்கும். மற்ற நாள் நாட்டுப்படகு மீன், அளவு குறைவு, ருசி ஒசத்தி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகு எதுவும் போகாது. அந்த இரண்டு மாதத்தில் போனால் நாட்டுப்படகு வந்திருக்கா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் எங்கேயோ பெட்டியில் கிடந்த மீன்தான் தட்டுக்கு வரும். மதியம் இரண்டரைக்கு மேல் சட்டி காலி. மணியெல்லாம் அடிக்க மாட்டார்கள்.