விரைவு மின்னேற்றியும் லித்தியத்தின் கதையும்



டிரோன் பறக்கவிடப் பழகும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஐயா, பேட்டரி சீக்கிரம் நிறைய எந்தச் சார்ஜர் வாங்கலாம்?” விடை கூறுமுன் மின்கலத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் மின்கலத்தை, ஈயத்தைக் கொண்டு, பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளாந்தே 1859-இல் உருவாக்கினார். அது பயனுள்ளது, ஆனால் கனமானது. பறக்கும் கருவிக்கு எடை குறைந்த உலோகம் வேண்டும். உலோகங்களுள் மிக இலேசானது லித்தியம்.

1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் லித்திய உலோகத்தையே ஒரு மின்முனையாக வைத்து மின்கலம் அமைத்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றியபோது அவ்வுலோகத்தின் மேல் ஊசி போன்ற இழைகள் வளர்ந்தன. அவை எதிர்முனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். 1980-இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு மின்முனையால் மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985-இல் ஜப்பானியர் அகிரா யோஷினோ, லித்திய உலோகத்தை அகற்றிவிட்டுக் கரிமப் பொருளை வைத்தார். லித்திய அயனிகள் அதனுள் புகுந்து தங்கின. ஆபத்து பெருமளவு நீங்கியது. 1991-இல் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இம்மூவரும் 2019-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

டிரோனிலுள்ள லித்தியம் பாலிமர் மின்கலமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அளவு மீறிய வேகத்தில் மின்னேற்றினால் அயனிகள் கரிமத்தினுள் புக அவகாசமின்றி, அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகின்றன. யோஷினோ வெளியேற்றிய பழைய ஆபத்து மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது!

ஆகவே, வேகத்தின் எல்லையை வகுப்பது மின்கலமே. அதன் உறையில் வேறு அளவு குறிக்கப்படவில்லையெனில் ‘1சி’ அளவே காப்பானது. 5000 மில்லியாம்பியர்-மணி கொண்ட மின்கலத்திற்கு அது 5 ஆம்பியர். நான்கு கலங்கள் தொடராக இணைந்திருந்தால், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டாக நிறையும்போது மொத்தம் 16.8 வோல்ட், தேவைப்படும் திறன் 84 வாட். 100 வாட் வெளியிடும் மின்னேற்றியே இதற்குப் போதும். 300 வாட் கருவி வாங்கினாலும் இதனைப் பாதுகாப்பாக மேலும் விரைவுபடுத்த இயலாது.

வாட் எண்ணிக்கையைவிட முதன்மையாகக் காண வேண்டியது, கலங்களைச் சமநிலைப்படுத்தும் வசதி. நான்கில் ஒரு கலம் மட்டும் 4.2 வோல்ட்டைத் தாண்டினாலும் தீங்கு நேரும். தயாரிப்பாளரே தனி மின்னேற்றி வழங்கும் டிரோனுக்கு அதனையே பயன்படுத்துவது நன்று. பறந்து இறங்கிய சூடான மின்கலத்தை ஆறவிட்ட பின்னரே மின்னேற்ற வேண்டும். மின்னேறும்போது பெரியவர் ஒருவர் அருகிலிருக்க வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். மாணவர் கையில் மின்கலத்தைக் கொடுக்கும் நாம், இவ்வரலாற்றையும் சேர்த்தே கொடுப்போம்.