கைக்கு ஓர் உறை: குத்துச்சண்டைக் கையுறையின் வரலாறும் தரமும்

கையுறை என்னும் சொல் நம் பழந்தமிழ் நூல்களில் காணிக்கை என்னும் பொருளில் வழங்கிற்று. தலைவன் தலைவிக்கெனக் கொணரும் தழையும் பூவும் கையுறை எனப்பட்டன. அதனைத் தோழி ஏற்பதும் மறுப்பதும் அகத்துறைகளாயின. இன்றோ அச்சொல் கைக்கு இடும் உறையையே குறிக்கின்றது. வாளுக்கு இடுவதும் உறைதான். ஆனால் இரண்டிற்கும் வேறுபாடு பெரிது. வாள் உறைக்குள் சென்றால் போர் ஓய்ந்தது என்று பொருள். குத்துச்சண்டை வீரனின் கை உறைக்குள் சென்ற பிறகுதான் போரே தொடங்குகின்றது.

இவ்வுறை யாரைக் காக்கின்றது? அணிந்தவனையா, அடிபடுகின்றவனையா? இக்கேள்விக்கு விடை கண்டாலன்றி, எந்த நிறுவனத்தின் கையுறை சிறந்தது, எதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்னும் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. குத்துச்சண்டை பயிலப் புறப்படும் இளைஞர் முதலில் விலையைப் பார்க்கின்றனர். அடுத்துப் பெயரைப் பார்க்கின்றனர். வரலாறு அவர்களுக்குச் சொல்லுவது வேறு.

தோல்வார்க் காலம்

கிரேக்க நாட்டுத் தேரா தீவில், எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த அக்ரோத்திரி என்னும் ஊரில் ஒரு சுவரோவியம் கிடைத்துள்ளது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வோவியத்தில் இரு சிறுவர் குத்துச்சண்டையிடுகின்றனர். ஒவ்வொருவனும் ஒரு கையில் மட்டுமே உறை அணிந்திருக்கின்றான்.

கி.மு. 688-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டுகளில் குத்துச்சண்டை சேர்க்கப்பட்டது. அக்காலத்து வீரர் மாட்டுத்தோல் வார்களைக் கையிலும் மணிக்கட்டிலும் சுற்றிக்கொண்டனர். மென்மையான அவ்வார்கள் கையின் எலும்பைக் காத்தன. கி.மு. நான்காம் நூற்றாண்டளவில் விளிம்பு தடித்த கடுமையான வார்கள் வந்தன. இவை கையைக் காத்ததோடு எதிரியின் முகத்தையும் கிழித்தன. உரோமர் அதற்கும் மேலே சென்று, உலோகம் பதித்த கையுறைகளைப் பொருதுகளத்திற்குக் கொண்டுவந்தனர். 1885-இல் உரோம் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலச் சிலையொன்றில், போட்டி முடிந்து களைத்து அமர்ந்திருக்கும் வீரன் ஒருவனைக் காணலாம். அவன் கைகளில் தோலுறை; முகத்திலோ செப்புத் தகட்டால் பதித்துக் காட்டிய குருதிக் காயங்கள். கை காக்கப்பட்டது, முகம் காக்கப்படவில்லை.

ஆயினும் உரோமர் காலத்தில் வேறொரு வகையும் இருந்தது. இங்கிலாந்தின் வடபால், ஆதிரியன் மதிலை அடுத்த விண்டோலாண்டா என்னும் படைவீட்டில், 2017-ஆம் ஆண்டு அகழ்வாய்வில் இரண்டு தோற்பட்டைகள் கிடைத்தன. ஏறத்தாழக் கி.பி. 120-ஐச் சேர்ந்த அவை, இன்றுவரை கிடைத்துள்ள குத்துச்சண்டைக் கையுறைகளுள் மிகப் பழையவை எனக் கருதப்படுகின்றன. அவற்றுள் பெரியதில் அடியின் வேகத்தைத் தாங்க இயற்கைப் பொருள் அடைக்கப்பட்டிருக்கின்றது. அணிந்தவனின் விரற்கணுக்கள் பதிந்த தடமும் உள்ளே தெரிகின்றது. உலோகமற்ற இவை பயிற்சிக்கென அமைந்தவை என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே பயிற்சிக்கு ஓர் உறை, போட்டிக்கு வேறோர் உறை என்னும் வேறுபாடு புதியதன்று என்க.

புரௌட்டன் முதல் குயீன்ஸ்பரி வரை

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குத்துச்சண்டை வெறுங்கையால் நடந்தது. ஜாக் புரௌட்டன் என்னும் வீரரோடு 1741-இல் பொருத ஜார்ஜ் ஸ்டீவன்சன் அப்போட்டியில் பட்ட காயங்களால் மாண்டார். அதன்பின் 1743-இல் புரௌட்டன் சண்டைக்கு விதிகள் வகுத்தார். தம்மிடம் பயில வந்த செல்வர்களின் கண் வீங்காமலும் மூக்கு உடையாமலும் இருக்கத் திணிப்புடைய கையுறைகளையும் பயன்படுத்தினார். எனினும் அவை பயிற்சிக்கூடத்தோடு நின்றுவிட்டன. பரிசுப் போட்டிகள் வெறுங்கையாலேயே தொடர்ந்தன.

திருப்புமுனை 1867-இல் வந்தது. ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் எழுதிக் குயீன்ஸ்பரிப் பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள், மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழப் பத்து விநாடி என வகுத்தன. கையுறை பற்றியும் அவை தெளிவாகக் கூறின: உறை தகுந்த அளவினதாய், உயர்ந்த தரத்ததாய், புதியதாய் இருத்தல் வேண்டும்; கிழிந்தாலோ கழன்றாலோ நடுவர் மனநிறைவு கொள்ளும் வகையில் மாற்றப்படல் வேண்டும். அளவு, தரம், புதுமை ஆகிய இம்மூன்றும் இன்றும் உரைகல்லாக விளங்குவதைக் காண்க.

வெறுங்கைப் போட்டிகள் உடனே மறையவில்லை. 1889 ஜூலை 8-இல் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 75 சுற்றுகள் பொருதனர். அதுவே பேரெடைப் பட்டத்திற்கான கடைசி வெறுங்கைப் போராயிற்று. 1892 செப்டம்பர் 7-இல் நியூ ஆர்லியன்சில் கையுறையோடு நடந்த போட்டியில், அதே சல்லிவனை ஜேம்ஸ் கார்பெட் 21-ஆம் சுற்றில் வீழ்த்தினார். கையுறைக் காலம் நிலைபெற்றது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. வெறுங்கையால் மண்டையோட்டைக் குத்தினால் முதலில் உடைவது கை எலும்புதான். அதனால் பழைய வீரர் தலையைக் குத்தத் தயங்கினர். உறை வந்ததும் அத்தயக்கம் அகன்றது. தோலில் காயம் குறைந்தது. தலைக்குள் அதிர்ச்சி மிகுந்தது. 1928-இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், பலகாலம் அடிபட்ட வீரர்களிடம் காணும் தள்ளாட்டத்தையும் அறிவு மயக்கத்தையும் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார். தலைக்கவசத்திற்கும் இத்தகைய வரலாறே அமைந்தது. அது பாதுகாப்பை வளர்க்கின்றதா என்னும் ஐயம் எழுந்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் தலைக்கவசமின்றியே பொருதனர்.

மூன்று நிறுவனங்கள், மூன்று நோக்கங்கள்

கையுறைத் தொழிலில் பெரும்பெயர் பெற்றது எவர்லாஸ்ட். 1910-இல் நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் ஜேக்கப் கோலம் என்னும் இளைஞர் நீச்சலுடை தைக்கத் தொடங்கியதே இதன் மூலம். பின்னர் ஜாக் டெம்சி கேட்டதற்கிணங்க அவருக்குப் பயிற்சிக் கவசம் செய்து கொடுத்தார். 1919-இல் டெம்சி உலகப் பட்டம் வென்றபோது நிறுவனத்தின் புகழும் உயர்ந்தது. இன்று இப்பெயரில் தொழில்முறை வீரருக்கான உயர்ந்த உறைகளும், கடைகளில் குவித்து விற்கும் மலிவான உறைகளும் உள்ளன. பெயர் ஒன்றாயிருப்பதால் தரமும் ஒன்றென்று எண்ணுதல் தவறு.

இரண்டாவது, மெக்சிகோ நகரத்துக் கிளீட்டோ ரெயெஸ். 1940-களில் தோன்றிய இந்நிறுவனம் கைவினைத் தோல்வேலைக்குப் பெயர் பெற்றது. இதன் போட்டிக் கையுறைகளில் குதிரைமயிர் அடைக்கப்படும். உறை இறுக்கமானது; கணுக்களின்மேல் திணிப்பு குறைவு. குத்தின் வலிமை எதிரியிடம் முழுதும் சென்று சேரும். ஆகவே, வன்மையாகக் குத்துவோர் விரும்பும் உறை என இது பெயர் பெற்றது. புதிதில் விறைப்பாயிருந்து, பழகப் பழகக் கைக்கு இசையும்.

மூன்றாவது, 1937-இல் தோன்றிய தோக்கியோ நகரத்து வின்னிங். இதன் நோக்கம் நேர்மாறானது. அடுக்கடுக்கான நுரைத் திணிப்பால் கை எலும்பைக் காப்பதே இதன் சிறப்பு. கை எளிதில் புண்படும் வீரர் பலர் பயிற்சிக்கு இதனையே நாடுகின்றனர். உடன் பயில்பவருக்கும் தலையணைபோல் மென்மையாயிருக்கின்றது என்பர். விலையோ மிகுதி.

நுரைத் திணிப்பைப் பற்றி ஒரு சொல். ரப்பர்ப் பாலிலிருந்து நுரை ரப்பர் செய்யும் முறை 1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தில் உருவாயிற்று. நம் தோட்டப்புறத்து மக்கள் விடியலில் எடுத்த பால் எத்தகைய பொருள்களுக்கு மூலமாயிற்று என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. குதிரைமயிர் நாளடைவில் ஒதுங்கி இடைவெளி விடும். நுரையோ தன் வடிவை நெடுநாள் காக்கும். எனவே பயிற்சிக்கு நுரையே ஏற்றது.

ஆசியாவின் கைவண்ணம்

தாய்லாந்தின் டுவின்ஸ், பேர்டெக்ஸ் போன்ற உறைகள் அந்நாட்டு முவாய்த் தாய் என்னும் போர்க்கலைக்கென வளர்ந்தவை. அங்கே உதையைக் கையால் தடுக்க வேண்டியிருத்தலின், புறங்கையிலும் திணிப்பு உண்டு. எதிரியைப் பற்றிப் பிடிக்கவேண்டியிருத்தலின், உள்ளங்கை எளிதில் விரியும். நல்ல தோல், நடுத்தர விலை.

பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் முதல் விளையாட்டுப் பொருள்களுக்குப் பேர்போனது. 1947-இல் நாடு பிரிந்தபோது அங்கிருந்த தொழிலாளர் பலர் இந்தியாவின் ஜலந்தரில் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தனர். மேற்கத்திய நிறுவனங்களின் முத்திரையோடு விற்கும் உறைகளுள் பல சியால்கோட்டில் தைக்கப்பட்டவை. முத்திரைக்குக் கொடுக்கும் விலை வேறு, தோலுக்கும் தையலுக்கும் கொடுக்கும் விலை வேறு என்பது இதனால் விளங்கும்.

2020-களின் தொடக்கத்தில், செயற்கைத் தோல் உறை ஓரிணை ஏறத்தாழ 30 முதல் 60 அமெரிக்க டாலருக்கும், தாய்லாந்து உறை 70 முதல் 120 டாலருக்கும், ரெயெஸ் 200 டாலர் அளவிலும் விற்றன. வின்னிங் ஜப்பானுக்கு வெளியே 350 டாலருக்கும் மேற்பட்டது.

ஓர் அவுன்ஸ் திணிப்பு

திணிப்பின் அருமையை உணர்த்தும் துயர நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1983 ஜூன் 16-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், 14 போட்டிகளிலும் தோல்வியறியாத பில்லி காலின்ஸ் என்னும் இளைஞரும் லூயி ரெஸ்டோவும் பொருதனர். பத்துச் சுற்று முடிந்தபோது காலின்சின் இரு கண்களும் வீங்கி மூடியிருந்தன. ரெஸ்டோவின் கையைப் பற்றிக் குலுக்கிய காலின்சின் தந்தை திடுக்கிட்டார். உறைக்குள் திணிப்பு மிகக் குறைந்திருந்தது. கையுறைகள் கைப்பற்றப்பட்டன. ஒவ்வோர் உறையிலிருந்தும் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் திணிப்பு நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ரெஸ்டோவும் அவர் பயிற்சியாளர் பனாமா லூயிசும் 1986-இல் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டுச் சிறை சென்றனர். காலின்சின் பார்வை நிலையாகப் பழுதுபட்டது. அவர் மீண்டும் களம் ஏறவில்லை. 1984-இல் மோட்டார் வாகன விபத்தில் மாண்டார்.

ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28 கிராம். ஒரு மனிதனின் பார்வைக்கும் இருளுக்கும் இடையே அவ்வளவே நின்றது. 2014 மே மாதம் லாஸ் வேகாசில் மெய்வெதருடன் பொருத வந்த மைதானாவின் கையுறையில் கணுக்களின்மேல் திணிப்புப் போதாது என்று மெய்வெதர் தரப்பினர் மறுத்து, வேறோர் உறையை அணியச் செய்தது வீண் பிடிவாதமன்று என்பதை இது காட்டும்.

தேர்வுக்குரிய நெறி

இவற்றால் பெறப்படும் முடிவு யாது? முதலில் எடை. தொழில்முறைப் போட்டிகளில் எடை குறைந்தோர் 8 அவுன்ஸ் உறையும், மிகுந்தோர் 10 அவுன்ஸ் உறையும் பெரும்பாலும் அணிவர். ஒருவரோடொருவர் பயிலும்போது வளர்ந்தோர்க்கு 16 அவுன்ஸ், அதாவது ஓர் இராத்தல், ஏற்றது. போட்டி உறையைப் பயிற்சிக்கு அணிதல் ஆகாது. அது தன் கைக்கும் நண்பன் தலைக்கும் கேடு.

இரண்டாவது பொருத்தம். கட்டுத்துணி சுற்றிய கையோடு அணிந்து பார்த்தல் வேண்டும். விரல் நுனி முட்டாமலும் மணிக்கட்டு ஆடாமலும் இருப்பதே வசதி. பெருவிரல் உறையோடு தைத்து இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். தனித்து நிற்கும் விரல் எதிரியின் கண்ணைக் குத்தும். நாடா கட்டிய உறை உறுதியாக நிற்கும். தனியே பயில்வோர்க்கு ஒட்டுப்பட்டையே எளிது.

மூன்றாவது திணிப்பு. கணுக்களின்மேல் அழுத்திப் பார்க்கையில் எலும்பு உணரப்பட்டால் அவ்வுறை புதிதாயினும் பயனற்றது, விலையுயர்ந்ததாயினும் தள்ளத்தக்கது. விலையும் முத்திரையும் இவற்றிற்குப் பின்னரே வரும். தொடங்குவோன் நடுத்தர விலையில் தோலுறை ஒன்றைக் கொண்டு, திணிப்புத் தளர்ந்தவுடன் மாற்றுவானாயின், மிகவுயர்ந்த உறையை வாங்கிக் கிழியும்வரை அணிபவனினும் அறிவுடையவன் ஆவான்.

முதலில் எழுப்பிய கேள்விக்கு விடையும் இதுவே. கையுறை இயல்பாகக் காப்பது அணிந்தவன் கையைத்தான். எதிரியையும் அது காக்கவேண்டுமானால், அணிபவனும் பயிற்றுவோனும் நடுவரும் நேர்மையோடு அதனை நோக்கவேண்டும். பள்ளிகளில் இவ்விளையாட்டைப் பயிற்றும் ஆசிரியர்கள் மாணவன் கையில் உறையை மாட்டுவதற்கு முன், அதன் திணிப்பைத் தம் பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்களாக.