அங்காதிபாதம்: உடலுக்குத் தமிழில் பெயர் வைத்த கதை

நான் மருத்துவன் அல்லன். வங்கியில் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவன். சங்க மலருக்கு உடற்கூற்றியல் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. ஒரு தவறுதான் உண்டு. அதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஊரிலிருந்து மாட்டுங்காவுக்கு எங்களோடு இருக்க வந்த அம்மாவுக்கு ஒருநாள் வலி வந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். அம்மா சொன்னாள்: "வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு இழுக்குது. அங்கேருந்து தோள்பட்டைக்கு ஏறுது. எண்ணெய்ப் பலகாரம் தின்னா ராத்திரி பூரா தூங்க விடாது." இதை நான் டாக்டரிடம் இந்தியில் சொன்னேன், மூன்றே சொல்லில்: "பேட் மே தர்த்." அவரும் வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்மேல் பிழை இல்லை. இரண்டு வாரம் கழித்து, நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமி கூட வந்து, அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பையில் கற்கள். அறுவை முடிந்து அம்மா நலமாக வீடு திரும்பினாள். "ஏண்டா, மொதல்லயும் நான் சொன்னதைத்தானே சொன்னே?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று பொய் சொன்னேன்.

அந்த உறுத்தலில்தான் உடற்கூற்று நூல்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது ஒரு வியப்பு. நம் பம்பாயும் யாழ்ப்பாணமும் ஒரே நூலின் வழியாகச் சந்திக்கின்றன.

அந்த நூல் 1858இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. படம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர். எலும்பில் தொடங்கி, மூட்டு, தசை, இரத்தக்குழாய், நரம்பு, உள்ளுறுப்பு என்று உடலைப் பகுதி பகுதியாக விளக்கியது. அக்காலத்து நூல்கள் பலவற்றில் படத்தில் எழுத்தோ எண்ணோ மட்டும் இருக்கும். பெயரை வேறிடத்தில் தேடவேண்டும். கார்ட்டரின் படங்களிலோ உறுப்பின் மேலேயே அதன் பெயர் படுத்திருக்கும். தமனியைப் பார்த்தால் பெயரும் அதனூடே ஓடும். மாணவர்கள் அந்நூலை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். கிரே 1861இல் பெரியம்மை கண்டு, 34 வயதில் காலமானார்.

கார்ட்டர் என்ன ஆனார்? நூல் வெளிவந்த அதே 1858இல் கப்பலேறி நம் பம்பாய்க்கு வந்தார். பைகுலாவில் உள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். பின்னர் அதன் முதல்வரும் ஆனார். 1888இல் ஓய்வு பெறும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் இந்தியாவில் பணியாற்றினார். 'மதுரைக் கால்' என்று நம் மதுரையின் பெயரால் வழங்கும் நோயை ஆராய்ந்து, அது பூஞ்சையால் வருவது என்று எழுதியவரும் இவரே. ஜே. ஜே. மருத்துவமனைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வரும்.

இனி யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்து, இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லை. தமிழில் கற்றால் ஊரிலேயே இருப்பார்கள் என்று கிரீன் முடிவு செய்தார். (வேலை தேடி வெளியூர் வந்த நாம் இதைப் படிக்கும்போது கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.)

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே? தாமே தமிழ் கற்று, மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். சொல் வேண்டுமென்றால் முதலில் தமிழில் தேடுவார், இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியில் எழுதுவார். 'கெமிஸ்தம்' அப்படி வந்தது. அறுவை மருத்துவம் 'இரணவைத்தியம்' ஆயிற்று. கிரேயின் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. அங்காதிபாதம் என்றதும் தலைமுதல் அடிவரை பாடும் நம் கேசாதிபாதம் நினைவுக்கு வரவில்லையா? கிரீன் 1873இல் தாய்நாடு திரும்பி, 1884இல் மறைந்தார்.

இப்போது அம்மாவின் வலிக்கு வருகிறேன். உடலின் அமைப்பைப் படிப்படியாகச் சொல்வார்கள்: உயிரணுக்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம். பித்தப்பை ஈரலின் அடியில் ஒட்டியிருக்கிறது. ஈரலுக்கு மேலே உதரவிதானம். உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே வயிற்றுக்குள் கிளம்பும் தொல்லையை மூளை தோள்வலி என்று எண்ணிவிடுகிறது. "தோள்பட்டைக்கு ஏறுது" என்று அம்மா சொன்னது வெறும் புலம்பல் அன்று. டாக்டருக்கு அதுவே தடயம்.

உடற்கூற்று நூலோர் வயிற்றை 4 கோடுகளால் 9 பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். எங்கே வலி என்பதில்தான் எந்த உறுப்பு என்பது அடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத அம்மாவிடம் மேல்வயிறு, நடுவயிறு, அடிவயிறு, விலா, இடுப்பு, தொடையிடுக்கு என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. படித்த என்னிடம் 'பேட்' ஒன்றுதான் இருந்தது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர்கள் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பிடரி, விலா, கெண்டைக்கால், குதிகால் என்று பத்து இருபது சொற்களையாவது பிள்ளைகளின் உடம்பைத் தொட்டுக்காட்டிச் சொல்லிக்கொடுங்கள். கார்ட்டர் படத்தில் செய்ததும் அதுதான்.

அம்மா இப்போது இல்லை. அன்று சொன்ன பொய்யை அவளிடம் திருத்தாமலே விட்டுவிட்டேன், இங்கே திருத்திக்கொள்கிறேன்.