ஹென்றி தெருவின் முதல் சிறப்பு வகுப்பு: ஜோசப் ட்ரொப்பியாவின் வாசிப்பை முன்வைத்து

அமெரிக்க நகரங்களின் தொடக்கப் பள்ளிகளில் சிறப்பு வகுப்பும் அதற்கென ஓர் ஆசிரியரும் ஏன் தோன்றினர் என்ற கேள்விக்கு ஜோசப் ட்ரொப்பியா தந்த விடை அழுத்தமானது. 1987இல் 'ஹிஸ்டரி ஆஃப் எஜுகேஷன் குவாட்டர்லி' இதழில் வெளியான அவரது கட்டுரை, 1890களிலிருந்து 1940கள் வரையிலான நகரப் பள்ளிகளை எடுத்துக்கொள்கிறது. அடங்காத பிள்ளையையும் படிப்பு ஏறாத பிள்ளையையும் முன்பு பள்ளியை விட்டே அனுப்பிவிட முடிந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் அந்த வழியை அடைத்தது. வகுப்பறை ஒழுங்கைக் காக்க வேறு வழி தேவைப்பட்டது. சிறப்பு வகுப்பு அப்படி வந்ததுதான் என்பது அவர் வாதம். ஏட்டில் அது பிள்ளையின் நலனுக்கானது. நடைமுறையில் மற்ற வகுப்புகள் தொல்லையின்றி நடப்பதற்கானது. இந்த வாசிப்பைக் கடைசிவரை கொண்டுசென்றால், சிறப்பாசிரியர் பள்ளிக்குள்ளேயே விலக்கப்பட்டவர்களுக்குக் காவலாக அமர்த்தப்பட்டவர் ஆகிறார்.

இதன் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. நியூயார்க் மாநிலம் 1894இல் கட்டாய வருகைச் சட்டத்தை இறுக்கியது. ஐந்தாறு ஆண்டுகளில் மன்ஹாட்டனின் ஹென்றி தெருவில், முதலாம் எண் பொதுப் பள்ளியில், எலிசபெத் ஃபாரல் தம் 'தரம் பிரிக்காத வகுப்பை' நடத்திக்கொண்டிருந்தார். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து ஃபாரலே எழுதிய கட்டுரை ட்ரொப்பியாவுக்கு வலு சேர்க்கிறது. அந்த வகுப்பு எந்தக் கோட்பாட்டிலிருந்தும் பிறக்கவில்லை, மட்டம் போடுவதும் அடங்காமையும் மலிந்த ஒரு வட்டாரத்தின் நிலைமையிலிருந்து பிறந்தது என்கிறார் அவர். வயது மீறியவர்கள், முரடர்கள் என்று பெயரெடுத்தவர்கள், மந்தமானவர்கள் எனப் பல வகுப்புகளிலிருந்தும் ஒதுக்கப்பட்ட பையன்களே அவருடைய முதல் மாணவர்கள். ட்ரொப்பியாவின் தரப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

ஆனால் ஒரு வகுப்புக்கு யாரை அனுப்பினார்கள் என்பது ஒரு கேள்வி. அனுப்பியபின் அங்கே என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. ட்ரொப்பியாவின் சான்றுகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கே விடை தருகின்றன. இரண்டாவதற்கான விடை, லிலியன் வால்ட் 1915இல் வெளியிட்ட 'தி ஹவுஸ் ஆன் ஹென்றி ஸ்ட்ரீட்' நூலின் சில பக்கங்களில் இருக்கிறது. வால்ட் செவிலியர், அதே தெருவில் குடியேறிகளிடையே இயங்கிய சேவை இல்லத்தை நிறுவியவர், ஃபாரலின் வகுப்புக்கு முதலிலிருந்தே துணை நின்றவர்.

வால்ட் தரும் செய்திகள் சிறியவை, ஆனால் குறிப்பானவை. பள்ளி வாரியத்தின் கொள்முதல் பட்டியலில் இல்லாத கருவிகளைச் சேவை இல்லம் வாங்கித் தந்தது. ஃபாரல் குழந்தை மருத்துவமனைகளுக்குச் சென்று பார்த்துக் கற்க அனுமதி பெற்றுத் தந்தது. பிள்ளைகளுக்குச் சிகிச்சைக்கும் வழி செய்தது. வகுப்பிலேயே மதிய உணவு. மேசையும் தட்டுகளும் காகிதக் கைக்குட்டைகளும் இல்லத்தின் செலவு. பிள்ளைகள் வீட்டிலிருந்து ரொட்டியும் வெண்ணெயும், ஒரு கோப்பைப் பாலுக்கு ஒரு பென்னியும் கொண்டுவந்தார்கள். முக்கிய உணவைப் பள்ளியின் பெரிய பெண்கள் தங்கள் சமையல் பாடத்திலேயே ஆக்கித் தந்தார்கள். தினமும் ஒரு பிள்ளை தன் வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சாப்பிட அழைத்து வரலாம். மகிழ்ந்துபோன சில குடும்பங்கள் தொடக்கத்தில் ஒரு புட்டி பீரையும் அனுப்பிவைத்ததாக வால்ட் எழுதுகிறார். அந்த அழைப்பின் பயனாக ஆசிரியரும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கினார்.

இதே பக்கங்களில் வரும் ஒரு பையனையும் கவனிக்க வேண்டும். நேப்பிள்ஸ் ஊர்க் குடும்பம். கோபக்காரன், திருத்த முடியாத மட்டக்காரன் என்று வழக்கமான வகுப்பில் முடிவு கட்டப்பட்டவன். பார்வைக் குறை சரிசெய்யப்பட்டதும் கோபம் தணிந்தது. கைவேலை கொடுத்ததும் பள்ளிக்கு வரத் தொடங்கினான். வால்ட் எழுதும்போது அவன் தொழிற்சங்க உறுப்பினரான கொத்தனார். ஒழுங்குப் பிரச்சினை என்று வந்து சேர்ந்ததைக் கண் பிரச்சினை என்று இனங்கண்டது அந்த வகுப்பு. பையன்களை அடைத்துவைப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் மருத்துவமனை எதற்கு? பெற்றோரை மேசைக்கு அழைப்பது எதற்கு?

இங்கே ட்ரொப்பியா தரப்பு திருப்பிக் கேட்கலாம். வால்ட் நடுநிலைச் சாட்சி அல்லர்; தாம் ஆதரித்த முயற்சியைப் பதினைந்து ஆண்டுக்குப் பின் நினைவுகூர்பவர். அதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. தனி வகுப்பு இந்தப் பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, இவர்களால் பின்தங்கும் சாதாரண வகுப்புகளின் சுமையைக் குறைக்கவும்தான் என்று வால்டே அந்தப் பக்கங்களில் ஒப்புக்கொள்கிறார். ட்ரொப்பியா கண்டெடுத்த மறைவான நோக்கம் மறைக்கப்படவே இல்லை, வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. என் மறுப்பு இந்த இடத்தில்தான் நிற்கிறது. இரு நோக்கங்களும் ஒரே மூச்சில் சொல்லப்படும்போது, ஒன்றை உண்மை என்றும் மற்றதை ஒப்பனை என்றும் பிரிப்பதற்கு அந்த ஆவணத்தில் ஆதாரம் இல்லை. பிரிப்பவர் ஆய்வாளர்தான்.

சேவை இல்லத்தின் மற்றொரு செயலும் என் வாசிப்புக்கு வலு சேர்க்கிறது. தொற்றுநோய்க்காகப் பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது நகரப் பள்ளிகளின் வழக்கமாக இருந்தபோது, 1902இல் இல்லத்தின் செவிலியர் லினா ரோஜர்ஸ் பள்ளிகளுக்குள் அனுப்பப்பட்டார். பள்ளியிலேயே மருந்திட்டு, வீடு தேடிப்போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்ததில் விலக்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. வெளியேற்றத்துக்குப் பதில் சிகிச்சை என்ற இந்த முறையே ஃபாரலின் அறையிலும் இயங்கியது என்று கொள்வது பொருத்தம். ஒன்று மற்றொன்றின் முன்மாதிரி என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. இரண்டும் ஒரே இல்லத்தின் பழக்கம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

வகுப்பு தொடங்கிய ஆண்டிலும் சிக்கல் உண்டு. பின்வந்த வரலாறுகள் 1899 என்கின்றன. பள்ளி வாரியம் அனுமதித்த ஆண்டாக வால்ட் தருவது 1900. ஃபாரல் முதலில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு நடத்தினார், அனுமதி பின்னர் வந்தது என்று இரண்டையும் பொருத்தலாம். பொருந்துகிறது என்பதாலேயே அது நிறுவப்பட்டதாகாது. அப்படியே நடந்திருந்தாலும் வழக்கு தீராது. ஆசிரியரின் முன்முயற்சிக்கு அதைச் சான்றாக நான் காட்டினால், விதிக்குப் புறம்பான உள்ளேற்பாடுகள்தான் பள்ளியை நடத்தின என்ற தம் வாதத்துக்கு அதே தேதியை ட்ரொப்பியா தரப்பும் காட்டலாம். ஆண்டை முடிவு செய்யாமல் விடுவதே முறை.

ட்ரொப்பியாவின் வாசிப்பு உறுதியாகப் பொருந்துவது பிந்தைய கட்டத்துக்கு. 1906இல் ஃபாரல் நகரம் முழுவதற்கும் தரம் பிரிக்காத வகுப்புகளின் ஆய்வாளரானார். வகுப்புகள் பெருகின, ஒவ்வொன்றுக்கும் ஒரு சேவை இல்லம் துணை நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் நகரப் பள்ளிகளைப் பற்றி நடந்த பெரும் விசாரணையில், வைன்லேண்டு பயிற்சிப் பள்ளியின் உளவியலாளர் ஹென்றி காடர்ட், அறிவுத்திறனை அளக்கும் பினே அளவுகோலோடு வந்தார். பள்ளிகளில் சுமார் 15,000 மந்தபுத்திப் பிள்ளைகள் இருப்பதாக அவர் கணக்கிட்டார். ஃபாரல் இந்தக் கணக்கை எதிர்த்தார். 1915இல் அவர் வெளியிட்ட அறிக்கையோ, தம் வகுப்புகளை விட்டுப் போன 350 பேர் பின்னர் என்ன ஆனார்கள் என்று தேடியது. காடர்டின் கேள்வி பள்ளிக்குள் இருப்பவர் எத்தனை பேர் என்பது. ஃபாரலின் கேள்வி பள்ளியை விட்டுப் போனவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது. இரண்டாவது கேள்வியைக் கேட்க, பிள்ளையையும் வீட்டையும் நேரில் அறிந்த ஆசிரியர் வேண்டும். அந்தத் தொடர்பு உணவு மேசையில் தொடங்கியது என்பது என் ஊகம். ஆவணங்களை இணைத்துப் பெற்ற முடிவே தவிர, ஆவணமே சொல்லும் செய்தி அல்ல.

எனவே ட்ரொப்பியாவை மறுப்பது அவர் கண்ட உண்மையை மறுப்பது ஆகாது. காலவரிசைதான் வேறுபடுகிறது. வகுப்புகள் பெருகி நிர்வாகத்தின் பிடிக்குள் வந்த காலத்து நிலையை அவர் தொடக்கத்தின் மேலும் ஏற்றிவிட்டார். மாற்றம் எந்த ஆண்டில் நடந்தது என்று கோடு கிழிக்க முடியவில்லை. 1906 பதவி உயர்வின் ஆண்டே தவிர, பண்பு மாறிய ஆண்டாகக் கொள்ளப் போதிய காரணம் இல்லை. சிறப்பு வகுப்பு ஏன் அனுமதிக்கப்பட்டது என்பதற்கு அவர் விடை நிற்கிறது. சிறப்பாசிரியரின் வேலை எது என்பதற்கு அது விடையாகாது. பார்வையைச் சோதிப்பது, கைத்தொழிலில் தொடங்குவது, வீட்டாரோடு பேசுவது, பள்ளி முடிந்தபின்னும் பிள்ளையைத் தொடர்வது ஆகியவற்றை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1922இல் ஃபாரலைத் தலைவராகக் கொண்டு நாடு தழுவிய அமைப்பாகத் திரண்ட சிறப்பாசிரியர்களின் தொழில், சட்டம் விட்டுவைத்த இந்த வேலைகளால் ஆனது.