எகரத்துக்கு ஒரு புள்ளி, ஏகாரத்துக்கு ஒரு கால்

எடு, ஏடு. கொடு, கோடு. தொடு, தோடு. தமிழைத் தாய்மொழியாகப் பேசுகிற யாருக்கும் இந்த ஜோடிகளைப் பிரித்துக் கேட்க முயற்சியே வேண்டாம். வட இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். பலர் "கோடு" என்று சொல்லிக் கையை நீட்டுவார்கள். நமக்குப் புரிந்துவிடும், கொடுத்துவிடுவோம். திருத்திச் சொன்னாலும் மறுபடி "கோடு"தான். "இத்தனை வருஷமா இங்க இருக்காரு, இதுகூடக் காதுல விழலையா?" என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஆமாம், விழவில்லை. ஏன் என்பதற்கு நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு துண்டு பல்லாவரம் குன்றிலேயே செதுக்கிக் கிடக்கிறது.

7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு குகைக்கோயிலைக் குடைவித்தான். பின்னாளில் அது தர்காவாக ஆனது. மன்னனின் பட்டப்பெயர்கள் அங்கே பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கிரந்தம் முதன்மையாக வடமொழியை எழுத வளர்ந்த எழுத்து. வடமொழியில் எகரம் கிடையாது, ஏகாரம் மட்டும்தான். ஒகரமும் அப்படியே. ஆகவே ஏ-வுக்கு ஓர் எழுத்து, ஓ-வுக்கு ஓர் எழுத்து போதும்.

இதற்கெல்லாம் தாய் எழுத்தான பிராமியின் நிலையும் அதுதான். பிராகிருதத்தை எழுதப் புழங்கிய அந்த எழுத்தில் குறில் எ, ஒ-வுக்குத் தனி வடிவம் இல்லை, அந்த மொழிக்கு அது தேவைப்படவும் இல்லை. அதே எழுத்தில் தமிழை எழுத வந்தபோதுதான் சிக்கல். 'எரி'யும் 'ஏரி'யும் தமிழனின் காதில் வேறு வேறு, எழுத்தில் ஒன்றே.

தொல்காப்பியம் இதற்கு ஒரு வழி சொல்கிறது: குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வை. மெய்யெழுத்துக்கு வைக்கிற அதே புள்ளிதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று உயிரொலிகளை நேரத்தால் அளந்து வைத்ததும் அந்த நூல்தான். மாத்திரைக்கு அது தரும் அளவு கண் இமைப்பதும் விரல் நொடிப்பதும். ஒலியின் நீளம் பொருளை மாற்றும் மொழியில் வளர்ந்த காது எழுதிய இலக்கணம் அது.

ஆனால் ஓலைச்சுவடியில் அந்தப் புள்ளி நிலைக்கவில்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். சுவடியில் 'கெ'யும் 'கே'யும் ஒன்றுபோல இருக்கும். படிப்பவர் இடம் பார்த்து, யாப்பு பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். பல நூற்றாண்டுகள் இப்படியே ஓடின, பெரிதாக யாரும் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. தமிழ்க் காதுக்கு எழுத்தின் துணை அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது வெளியே இருந்து வந்தவருக்கு. வீரமாமுனிவர் என்று நாம் அறிந்த பெஸ்கி 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். தமிழ்நாட்டுக்கு வந்தபோது வயது முப்பது இருக்கும். இத்தாலிய மொழியில் மெய்யொலி இரட்டித்தால் பொருள் மாறும், எனவே பாடு, பாட்டு என்ற வேறுபாடு அவர் காதுக்குப் புதிதாக இருந்திருக்காது. ஆனால் உயிரின் குறில் நெடிலால் பொருள் மாறும் வழக்கம் இத்தாலியத்தில் இல்லை. நம் வீட்டுக் குழந்தை கேட்டே பழகிய ஒன்றை அவர் நடுவயதில் உட்கார்ந்து கற்றிருக்கிறார்.

எ, ஒ-வை அப்படியே குறிலுக்கு வைத்துவிட்டு நெடிலுக்கு ஏ, ஓ என்று தனி வடிவம் தந்ததும், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று 'கெ'யையும் 'கே'யையும் பிரித்ததும் அவர் செய்த சீர்திருத்தமாகச் சொல்லப்படுகிறது. தொல்காப்பியம் குறிலுக்கு அடையாளம் வைத்தது, இவர் அடையாளத்தை நெடிலுக்கு மாற்றினார். இன்று முதல் வகுப்புப் பிள்ளை எழுதும் 'ஏ'யின் காலில், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்ற ஒருவரின் உழைப்பும் இருக்கிறது.

சரி, குழந்தை இதை எப்போது கற்கிறது? கடந்த நாற்பது ஐம்பது ஆண்டு ஆய்வுகள் தரும் பதில் ஆச்சரியமானது. பேச ஆரம்பிப்பதற்கு வெகு முன்னாலேயே.

1984-இல் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் கேட்டு வளரும் கனடாக் குழந்தைகளைப் பற்றியது. இந்தியில் வரும் த, ட வேறுபாட்டை ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பிரித்து அறிந்தன, ஒரு வயதை நெருங்கியவை தவறவிட்டன. உயிரொலியில் இது இன்னும் முன்னதாகவே நடக்கிறது. 1992-இல் பட்ரீசியா குல் குழுவினர் அமெரிக்க, சுவீடன் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஆறு மாதத்திலேயே தன் மொழியின் உயிரொலி ஒரு காந்தம்போல வேலை செய்வதைக் கண்டார்கள். அதன் அருகில் வரும் ஒலிகளையெல்லாம் அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, குழந்தைக்கு அவை எல்லாம் ஒன்றாகவே கேட்கின்றன. 2013-இல் வந்த ஆய்வு பிறந்து சில மணி முதல் மூன்று நாள் வரையான சிசுக்களைப் பற்றியது. ரப்பர் நிப்பிளைச் சப்பும்போது ஒலி கேட்கும்படி செய்தார்கள். பழகாத மொழியின் உயிரொலிக்குச் சிசுக்கள் கூடுதலாகச் சப்பின. அப்படியென்றால் வயிற்றுக்குள்ளேயே பாடம் ஆரம்பித்துவிடுகிறது.

ஆக, தாய்மொழி கற்பது என்பது சேர்ப்பது மட்டும் இல்லை, கழிப்பதும்தான். தேவையில்லாத வேறுபாடுகளைக் கவனிக்காமல் விடக் காது பழகுகிறது. இந்தியில் ஏ, ஓ எப்போதும் நெடில்தான். அதைக் கேட்டு வளர்ந்தவரின் காதில் நம்முடைய 'கொ'வும் 'கோ'வும் ஒரே காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. திராவிட மொழிச் சொற்களை எழுதவென்றே தேவநாகரியில் குறில் எ, ஒ-வுக்குத் தனி எழுத்துகள் பின்னால் சேர்க்கப்பட்டன. அதுவும் ஒரு வகையில் பெஸ்கி செய்த வேலைதான்.

நாம் மட்டும் என்ன? பூனைக்கான ஆங்கிலச் சொல்லையும் வாசல் கதவுக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கேட்'. விளையாடுகிற பந்தும் குடிக்கிற பாலும் 'பால்'. 'பேங்க்' என்று நாம் சொல்வதில் இருக்கும் ஆங்கில உயிருக்குத் தமிழில் இடம் இல்லை, அதை ஏகாரத்தின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டோம். இதற்காக இங்கிலீஷ் கிளாஸில் திட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தாய்மொழிக்குள்ளேயும் ஒரு இரண்டாம் பாடம் உண்டு. வீட்டில் 'எலை' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளியில் 'இலை' என்று எழுத வேண்டும். 'ஒடம்பு' உடம்பாகிறது, 'பொண்ணு' பெண்ணாகிறது. பேச்சுத் தமிழின் உயிர்கள் எழுத்துத் தமிழின் உயிர்களோடு அப்படியே பொருந்துவதில்லை. நம் பிள்ளைகளே இதில் தடுமாறித்தான் தேறுகிறார்கள்.

தாம்பரம் வரைக்குமான இந்தப் புறநகரில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் உட்காரும்போது இது யோசிக்க வேண்டிய விஷயம். 'கோடு', 'கொடு' மாற்றி எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பது சுலபம். மந்தம் என்று முத்திரை குத்துவது அதைவிடச் சுலபம். ஆனால் அந்தப் பிள்ளையின் காது தன் முதல் வருஷத்தில் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. வேறொரு மொழிக்காகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

காந்தம் நிரந்தரப் பூட்டும் இல்லை. ஆங்கிலத்தின் குறில், நெடில் இகரங்களை ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒலியின் தன்மையை வைத்துப் பிரிக்கிறார்கள். அதைக் கற்கும் ஸ்பானியர்கள் பலர் நீளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், தங்கள் மொழியில் உயிரின் நீளத்துக்குப் பொருளே இல்லாதபோதும். நீளம் என்பது வளர்ந்தவர் காதுக்கும் எட்டுகிற குறிப்பு என்பது இதிலிருந்து தெரிகிறது. தமிழ் கற்பவருக்கு நல்ல செய்திதான்.

இன்னொன்று. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிசோனி குழுவினர் ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல வேறுபாட்டைப் பழக்கினார்கள். பல குரல்களில் கேட்டுப் பழகியவர்கள் புதுக் குரலிலும் பிரித்து அறிந்தார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்கு அந்தத் திறன் புதுக் குரலுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. அப்படிப் பார்த்தால் வகுப்பில் ஒரே டீச்சர் பத்து முறை "கொடு, கோடு" என்று சொல்வதைவிட, பத்துப் பேர் ஒவ்வொரு முறை சொல்வது மேல். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் "அந்தப் பெட்டி எவ்ளோ?", "ரெண்டு எடு", "மீதி கொடு" என்று நூறு குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே யாராவது "கோடு" என்று கை நீட்டினால், கேலி பண்ணாமல் "இந்தாங்க" என்று கொடுத்துவிட்டு, "கொடு" என்ற சொல்லை இன்னொரு முறை தெளிவாக அவர் காதில் போட்டுவையுங்கள்.