டென்ட்ரைட்டு

நரம்புச் செல்லின் உடலிலிருந்து கிளைவிட்டுப் பிரிந்து, பிற செல்கள் அனுப்பும் சைகைகளை வாங்கிக்கொள்ளும் நீட்சிகள் டென்ட்ரைட்டுகள். மரத்தைக் குறிக்கும் ‘டென்ட்ரான்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. பாறை இடுக்குகளில் செடிபோலப் படரும் மாங்கனீசுக் கறையையும் கனிமவியலார் இப்படித்தான் அழைக்கிறார்கள். இரண்டிலும் பெயர் சொல்வது தோற்றத்தை மட்டுமே. வேலை என்ன என்பது பின்னால்தான் தெரியவந்தது.

இவற்றை முதலில் தெளிவாகப் பிரித்தறிந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ டைட்டர்ஸ். தண்டுவடத்தைக் குரோமிக் அமிலத்தில் ஊறவைத்து, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் ஒவ்வொரு செல்லாகப் பிரித்தெடுத்தார். பல நீட்சிகளுக்கிடையே ஒன்று மட்டும் தனி ரகமாக இருந்தது. அதுவே இன்றைய ஆக்ஸான். மற்றவற்றைப் ‘புரோட்டோபிளாச நீட்சிகள்’ என்றார். 29 வயதிலேயே டைஃபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. ஆய்வு நூல் 1865-இல்தான் வெளிவந்தது. டென்ட்ரைட்டு என்ற பெயரை 1889-இல் வைத்தவர் வில்ஹெல்ம் ஹிஸ்.

1873-இல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி கண்டறிந்த வெள்ளி நைட்ரேட் சாயமுறை, மஞ்சள் பின்னணியில் ஒருசில செல்களை மட்டும் நுனிக்கிளைவரை கறுப்பாக்கிக் காட்டியது. எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது. ஆனால் இவ்வளவு துல்லியமாகப் பார்த்த கோல்ஜியே, இக்கிளைகள் செல்லுக்கு ஊட்டம் உறிஞ்சும் வேர்கள் என்று நினைத்தார்.

அதே சாயத்தைக் கையிலெடுத்த ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால், கிளைகளின்மேல் முள்முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்த நுண்ணிய முனைகளை 1888-இல் கண்டார். வெள்ளி படிந்ததால் வந்த பிசகு என்று பலர் ஒதுக்கினார்கள். கஹால் சளைக்காமல் மெத்திலீன் நீலம் என்ற வேறொரு சாயத்திலும் அவற்றைக் காட்டினார். சைகை டென்ட்ரைட்டில் நுழைந்து ஆக்ஸான் வழியே வெளியேறுகிறது என்பது அவர் கொள்கை. வரைபடங்களில் அம்புக்குறியே இட்டார். 1906-இல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கோல்ஜி அந்த ஏற்புரையிலும் கஹாலின் கருத்தை மறுத்துத்தான் பேசினார்.

முட்களில் இணைப்புகள் அமைந்திருப்பதை 1959-இல் மின்னணு நுண்ணோக்கி உறுதிசெய்தது. சிறுமூளையின் புர்கின்ஜி செல் ஒன்றின் கிளைகளில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உண்டு.

கஹாலின் அம்புக்குறிக்கும் விலக்கு உண்டு. ஆக்ஸானின் தொடக்கத்தில் எழும் மின்துடிப்பு டென்ட்ரைட்டுக்குள்ளும் பின்னோக்கிப் பரவுவதை 1994-இல் கிரெக் ஸ்டூவர்ட்டும் பெர்ட் சாக்மனும் நேரடியாகப் பதிவுசெய்தார்கள்.