ஆரோக்கியவரமும் சென்னை ஆய்வும்



1911 முதல் 1960 வரை நம் திருத்தணி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பதை நம் சபையின் இளையோர் பலர் அறியார். அந்நாட்களில் காசநோய் கண்டவர்க்கு நம் மாவட்டத்திலேயே ஓர் அடைக்கலம் இருந்தது. மதனப்பள்ளிக்கு அருகே, இரண்டாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், 1915இல் திறக்கப்பட்ட ஆரோக்கியவரம் சானடோரியமே அது. பல மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி அதை நடத்தின. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதன் தொடக்ககால மருத்துவத் தலைவராக இருந்தார். ஞானஸ்நானத்தைக் குறித்தும் திருவிருந்தைக் குறித்தும் ஒத்துப்போகாத சங்கங்கள், ஓர் இருமலின் முன்னே ஒத்துப்போயின!

க்ஷயம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் அஞ்சிய இந்நோயைப் பரம்பரைச் சாபமென எண்ணியோர் பலர். ஆனால் 1882 மார்ச் 24 அன்றே ராபர்ட் காக், இதற்குக் காரணம் ஒரு கிருமி என்று பெர்லினில் அறிவித்துவிட்டார். நோயாளி இருமும்போது அக்கிருமி காற்றில் பரவுகிறது. கிருமி புகுந்தோர் அனைவரும் நோயுறுவதில்லை. பசியும் நீரிழிவும் உடலைத் தளர்த்திய இடத்திலேயே அது எளிதில் தலையெடுக்கிறது.

காரணம் தெரிந்தும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அதுவரை தூய காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை ஆகியவையே சிகிச்சை. சில நோயாளிகளுக்கு மார்புக்கூட்டினுள் காற்றைச் செலுத்தி, நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வளித்தனர். 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. எனினும் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகளோ மிகக் குறைவே. இடம் கிடைத்த தகப்பன் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்தான். அவன் கூலியை நம்பிய பிள்ளைகள் என்ன உண்டார்கள் என்பதை எந்த மருத்துவக் குறிப்பேடும் எழுதி வைக்கவில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் அடுத்தடுத்து வந்தபின், 1956இல் சென்னையில் ஒரு துணிவான கேள்வி எழுந்தது. மருந்து இருக்கையில் சானடோரியம் தேவையா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து, நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கின. யார் எப்பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றோர் நெரிசலான தம் வீடுகளிலேயே, குறைந்த உணவோடு, அதே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்கவைத்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர்; அவர்தம் குடும்பத்தாருக்குத் தொற்று மிகுதியாகவும் இல்லை. காற்றும் பாலும் அல்ல, மருந்தே நோயை வென்றது.

இது ஆரோக்கியவரத்தில் உழைத்தோருக்கு இழுக்கு என்று நான் கருதவில்லை. தங்கள் கையில் இருந்ததைக் கொண்டு அவர்கள் ஊழியம் செய்தார்கள்.

அந்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது. உடல் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் அன்றே பெருந்தொல்லையாய் இருந்தது. ஆகவே பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொண்டாரா என்று சிறுநீரையும் சோதித்தனர். இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பணியாத வலிமை பெற்றுவிடக்கூடும்.

நம் சபையிலும் ஜெபக்குறிப்பில் "உடல்நலக் குறைவு" என்று மட்டும் எழுதித் தருவோர் உண்டு. மகளின் திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. ஆயினும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருந்துக்கடைச் சிரப்போடு நின்றுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் முழு மருந்தும் இலவசம். தனியே செல்லத் தயங்குவோர் ஆராதனை முடிந்தபின் என்னிடம் சொல்லுங்கள், உடன் வருகிறேன்.